வாங்க என்று சொல்லாத வீடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு எனக்கும் பேனாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோச்சு. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது போன வருஷம், பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், பழவேற்காட்டில். ஏரிக்கு நடுவே, படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு குப்பத்தில் என் அத்தை இருக்கிறார். வலை போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களைத் தங்கவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமா அரை மனசாகத்தான் சம்மதித்தார். "இந்த மாசம் ஒருத்தனும் வரலன்னா வலை மறுபடி உள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டார்.

செல்போனில் விளம்பரம் போட்டது நான். கார் வேண்டாம், ரயில், பஸ், படகு, செலவு கம்மி என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஈரோட்டுப் பக்கம் இருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி கிளம்பி வந்தார்கள். அவர்கள்தான் முதல் விருந்தாளிகள்.

எனக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை. அன்று லீவு போட்டுவிட்டு, சென்னையில் இருந்து அவர்கள் வந்த ரயிலிலேயே ஏறிக்கொண்டேன். அந்த அண்ணன் காலடியில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி.

"இன்னாண்ணா, பீரோவையே தூக்கினு வந்துட்ட?"

"அது பூரா அவ துணிங்க. என்னோடது இதுல இருக்குது" என்று மடியில் இருந்த மஞ்சப்பையைக் காட்டினார்.

பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தோம். திருப்பாலைவனம் தாண்டும்வரை அந்தப் பெட்டி கண்டக்டர் காலிலும் என் காலிலும் மாறி மாறி ஏறியது. அந்த அக்கா இறாலைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டே வந்தார். பாதி நிஜம், பாதி கதை என்று நானும் அளந்துகொண்டே வந்தேன்.

பழவேற்காட்டுப் படகுத்துறையில் இறங்கினோம். அத்தை ஊர்ப் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. ஊரில் ஒருவர் இறந்தால், அடக்கம் முடியும்வரை யாரும் வலை இறக்க மாட்டார்கள்.

"உனக்குப் போன் வரலியா நைனா?" என்றார் படகுக்காரர். "உங்க மாமாவோட அண்ணன் காத்தால பூட்டாரு. அடக்கத்துக்கு ஆளுங்கள ஏத்தினுதான் போறேன்."

அத்தைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறைக்காமல் இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"திரும்பிப் போயிரலாங்க. எழவு வீட்டுல நாம எதுக்கு இடைஞ்சலா" என்றார் அண்ணன். நாங்கள் வந்த பஸ் திரும்பிக் கிளம்பத் தயாராக நின்றது. மாசமும் முடியப்போகிறது; அவர்கள் அதில் ஏறிவிட்டால் அத்தையின் ஆசை அன்றோடு முடிந்தது. அதைச் சொல்லி இருக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அக்காதான் கேட்டார். "வர வேண்டாம்னு உங்க அத்தை சொன்னாங்களா?"

"எதுவும் சொல்லலக்கா. போனே எடுக்கல."

"அப்ப நம்மள நெனச்சும் தவிச்சிட்டுத்தான் இருப்பாங்க. ஒரு எட்டுப் போய் மொகத்தக் காட்டிட்டு வந்துரலாம்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் படகில் ஏறினார். மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "நீ எந்த வழில சொந்தம்மா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"இந்தத் தம்பியோட அத்தை வீட்டுக்குங்க" என்றார் அக்கா. அந்த அம்மா நகர்ந்து நன்றாக இடம் விட்டார்.

கரையில் அத்தை தலைமுடி அவிழ்ந்து நின்றிருந்தார். சாவு வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று அழைக்கக் கூடாது. இந்த முதல் விருந்தாளிகளிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அத்தை வாரக்கணக்கில் என்னைக் கேட்டு நச்சரித்திருந்தார். இப்போது வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் முகத்திலேயே தெரிந்தது. அக்கா நேராகப் போய் அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அத்தை அப்போதுதான் உடைந்து அழுதார். செத்தவருக்காகவா, இதற்காகவா என்று எனக்கு இன்னும் தெரியாது.

திரும்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் நாற்காலி தூக்கினார், தண்ணீர் கேன் சுமந்தார். அத்தை வீட்டில் அடுப்பு எரியவில்லை; அடுத்த தெருவில் இருந்து வந்த சாம்பார் சோற்றை எல்லோரும் சாப்பிட்டோம். "ஏந்தம்பி, இறாலு எங்கீங்க?" என்று அண்ணன் என் காதோரம் கேட்டார்.

"நீதான் பங்காளி ஆயிட்டியேண்ணா. பங்காளிக்கு இன்னிக்கு சாம்பார்தான்."

சிரிப்பை மறைக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலை கிளம்பும்போது 'போயிட்டு வர்றோம்' என்று அவர்களும் சொல்லவில்லை. அந்த வழக்கம் அவர்கள் ஊரிலும் உண்டு. நடந்து போய்ப் படகில் ஏறினார்கள். படகு சின்னதாகும்வரை மாமா கரையிலேயே நின்றிருந்தார்.

போன மாசம் அந்த அக்கா போன் செய்தார். இந்த முறை அவர் அம்மா அப்பாவும் வருகிறார்களாம். இன்னொரு கட்டில் வேண்டும் என்று பொன்னேரிக் கடைக்குப் போய் வந்தவர் மாமாதான்.

விருந்தாளிகளை வரவேற்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டுக்கு வரவும் தெரிய வேண்டும் என்று அந்த அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுதி முடித்து, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நண்பனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"எல்லாம் சரி மச்சான், இதுல நீ இன்னாடா பண்ண?"