தூசு தெரிகிற நிறம்

யோகலிங்கம் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். ரோஜாச் செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு, அதில் பொருத்திய நீளக் குழாய், தலையில் கம்பளித் தொப்பி. லண்டன் புறநகரான சட்டனில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகளின் வரிசையில் அவருடையது கடைசிக்கு முந்தியது. கீழ்ப்பாதி செங்கல். மேல்பாதியில், படுக்கையறை ஜன்னலைச் சுற்றிச் சாம்பல் நிறத் தகடுகள். திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறது. தண்ணீர் அவற்றில் பட்டு வழிந்து, கீழே முன்னறை ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாக விழுகிறது. எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள், மனிதர் சுத்தக்காரர், தினம் சுவர் கழுவுகிறார் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போகிறாள். இவரும் பதிலுக்குக் கையசைக்கிறார்.

மழை பெய்தால் அன்றைக்கு லீவு. லண்டன் மழையைத் திட்டாத தமிழர் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் இவருடைய முகம் வெளிக்கும். தொடர்ந்து வெயில் எறித்தால், சொந்தக்காரர்கள் தோட்டத்தில் கோழி சுட்டுச் சாப்பிட, இவர் வாசலில் நின்று சுவரையே பார்ப்பார்.

தகடுகள் அஸ்பெஸ்டஸ். உடையாமல், நொறுங்காமல் இருக்கிறவரைக்கும் அவற்றால் ஒன்றும் வராது, தூசு பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டிய தேவையே இல்லை என்று கவுன்சிலிலிருந்து வந்தவர் விளக்கிவிட்டுப் போனார். மகள் தர்மிகாவும் போனில் எடுத்து வாசித்துக் காட்டினாள். யோகலிங்கம் பொறுமையாகக் கேட்டு, "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். மறுநாள் விடிந்ததும் பம்போடு நின்றார். அவருடைய தலையாட்டலை நம்பி மோசம் போனவர்கள் பலர்.

யாருடைய வீட்டுக்குப் போனாலும் மணியை அடிக்குமுன் சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். "பிளாஸ்ரிக்," என்பார். "மரம். உள்ளுக்குள்ள உக்கிப் போச்சு," என்பார். கதவு திறக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முதலே வீட்டின் சாதகம் சொல்லியாகிவிடும். டூட்டிங்கில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், பட்டு வேட்டியோடு மண்டபத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, சுவரில் காதை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார். சிலர் சிரித்தார்கள். மனிசி படுக்கையில் கிடக்கிற நேரத்தில் இந்த மனிசனுக்குச் சுவர் ஒரு கேடா என்று வாய்விட்டே சொன்னவர்களும் உண்டு. அவர் காதில் விழுந்தது. கைகழுவிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

மனைவி சிவமலர் முன்னறையில் படுத்திருக்கிறாள். மாடி ஏற மூச்சு காணாது என்பதால் கட்டில் கீழே வந்துவிட்டது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வருகிற புற்று. தூசு உள்ளே போய் அரை ஆயுள் காலம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு எழும்புகிற வியாதி. எழும்பிவிட்டால் போகாது. இனி மருந்து வலிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் வந்து போகிறாள். சிவமலர் தலையணைகளை முதுகுக்கு அடுக்கிச் சாய்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே விழுகிற துளிகளைப் பார்த்தபடி மகளிடம் அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்வாள்: "கொப்பர் எனக்கெண்டு தனியா மழை பெய்யப்பண்ணுறார்." சொல்லிச் சிரிக்கத் தொடங்குவாள். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதல் நாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வீட்டில் யாராவது அஸ்பெஸ்டஸோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்களா? சிவமலர் அவசரமாக "நோ" என்றாள். யோகலிங்கம் "யெஸ்" என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து எழுதிக்கொண்டார்.

அகதியாக வந்து இறங்கிய காலத்தில் யோகலிங்கத்துக்குக் கிடைத்தது கட்டடம் உடைக்கிற வேலை. பிறகுதான் பஸ் ஓட்டி, ஓட்டியே ஓய்வும் பெற்றார். உடைக்கிற வேலையிலிருந்து திரும்பும்போது ஆள் மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருப்பார். சிவமலர் வாசலிலேயே மறிப்பாள். "நில்லுங்கோ," என்று சொல்லி முதலில் வலது தோளைத் தட்டுவாள், பிறகு இடது தோளை. சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டுபோய்ப் பின்வாசலில் நின்று உதறுவாள். அதன் பிறகுதான் தண்ணீரில் போடுவாள். அவர் பஸ்ஸுக்கு மாறி, சட்டையில் தூசு என்பதே இல்லாமல் போன பின்பும் அந்தத் தட்டல் நிற்கவில்லை. சீருடையோடு வருகிற மனிதரையும் மறித்து, வலது தோள், இடது தோள். வெளியே கட்டிப்பிடித்துக்கொள்கிற வழக்கம் இல்லாத தம்பதிக்கு அதுதான் எல்லாமாக இருந்தது.

சுவர்த் தகடுகள் வந்த கதையும் அந்தக் காலத்ததுதான். ஒரு பழைய பள்ளிக்கூடத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் முழுசு முழுசாகத் தகடுகள் கழன்று கிடந்தன. யோகலிங்கம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அவர் அப்போது வாங்கியிருந்த வீட்டின் முன்பக்க மரப்பலகை உக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்ற போர்மன் ஒரே ஒரு சொல்லைக் கத்தினான். "'அஸ்பெஸ்டஸ்' எண்டு கத்தினான்," என்று யோகலிங்கம் இப்போது சொல்கிறார். "நான் நினைச்சன், நல்ல சாமான், கொண்டு போ எண்டு சொல்லுறான் எண்டு." யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் கூரையின் பெயர். ஓலையை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவன் ஓரளவு நிமிர்ந்துவிட்டான் என்று அர்த்தம். அங்கே காசைக் கொட்டி வாங்குகிற சீற்றை இந்த வெள்ளைக்காரன் சும்மா தருகிறானே என்று அன்றைக்கு அவருக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோசம். சிநேகிதன் ஒருவனுடைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல வெயில் காலம். முன்தோட்டத்தில் வைத்து வாளால் அறுத்தார். சிவமலர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அறுத்து முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டினாள். தர்மிகா அப்போது பிறக்கவில்லை. கடவுள் தனக்குச் செய்த ஒரே உபகாரம் அது என்கிறார்.

வேலைத்தலத்துச் சட்டைத் தூசா, இந்தச் சுவரை அறுத்த தூசா, எது அவளுடைய நெஞ்சுக்குள் போய் இருந்தது என்று டொக்டராலும் சொல்ல முடியாது. அன்று கழற்றிக் கொடுத்த சட்டையைத் திருப்பி வாங்க முடியாது. சுவரைக் கழற்றலாம். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய நெஞ்சையும் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அறுத்தவருக்கு ஒன்றுமில்லை, கூட்டியவளுக்கு வந்தது. இதை அவரால் தாங்க முடியவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து மாடிப்படியில் ஓடி ஏறுவார். மேலே போய் நின்று, மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பார். வாங்காது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வருவார்.

திட்டம் முழுவதும் அவருடைய தலைக்குள் தயாராக இருக்கிறது. பழைய தகடுகளை அதற்கென்று பழகிய ஆட்கள் வந்து, நனைத்து, ஒரு திருகாணியும் இழுபடாமல் முழுசாகக் கழற்றி, இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகு புதுப் பலகை. சிமெந்தும் மணலும் மரநாரும் சேர்த்து அழுத்திச் செய்வது. எரியாது, உக்காது, அஸ்பெஸ்டஸ் கிடையாது. ஆனாலும் வாளால் அறுத்தால் அதிலும் கூடாத தூசு பறக்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, வேலை கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். விலை கேட்கவில்லை, எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கவில்லை. "எப்பிடி வெட்டுவியள்?" கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், இதோ இங்கேயே, உங்கள் முன்தோட்டத்திலேயே வைத்து அறுத்துவிடுவோம், அலைச்சல் இல்லை என்று இங்கிலீஷில் உற்சாகமாகச் சொன்னார். அவருக்கு நல்ல தேநீர் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. அடுத்து வந்தவருக்குத் தேநீரும் இல்லை.

கடைசியில் ஜெரோசன் வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், சொந்தமாக வான் வைத்துக் கட்டட வேலை செய்கிறவன். கேள்வியைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "நான் இஞ்ச ஒண்டும் வெட்டமாட்டன் அங்கிள். எல்லாம் என்ர யார்ட்டில வெட்டித்தான் வரும். ஒரு துண்டு காணாட்டியும் கத்திரி மாதிரி மெஷின் இருக்கு. தூசு பறக்காது." யோகலிங்கம் அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜெரோசனுக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

அத்தோடு வேலை தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. சிவமலர் உள்ளே இருக்கும்போது அந்தத் தகட்டில் ஒரு திருகாணியையும் தொட யோகலிங்கம் விடமாட்டார். முழுசாகக் கழற்றினால் பயமில்லை என்று கழற்றுகிற ஆட்களே சொல்லிப் பார்த்தார்கள். "ஓம், ஓம்," என்றார். மகள் வீட்டில் கொஞ்ச நாள் போய் இருக்கச் சொல்லிச் சிவமலரிடம் கெஞ்சினார். தர்மிகாவும் அழுதாள். சிவமலர் அசையவில்லை. "இந்த வாசலைத் தாண்டினா நான் திரும்பி வரமாட்டன்," என்றாள். அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தச் சுவருக்கு ஒரு தொடக்க நாள் இருந்தது. அது என்ன நாள் என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன கிழமை ஜெரோசன் நிறங்கள் கொண்டு வந்தான். புதுப் பலகையின் உள்ளங்கையகலத் துண்டுகள். யோகலிங்கம் அவற்றை வாசலிலேயே வாங்கி, குழாயில் கழுவி, ஒவ்வொன்றாக ஒற்றித் துடைத்த பிறகுதான் முன்னறைக்குள் கொண்டுபோனார். லண்டனில் இப்போது எல்லோரும் கருஞ்சாம்பல்தான் போடுகிறார்கள், அதில் அழுக்குத் தெரியாது என்று ஜெரோசன் சொன்னான். யோகலிங்கமும் அதையே மேலே எடுத்து வைத்தார். சிவமலர் அதைத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழுக்கு மறைக்கிற நிறம் வேண்டாம்," என்றாள். மூச்சு எடுத்துக்கொண்டு, "தூசு இருந்தாத் தெரியவேணும்," என்றாள்.

"சரி மலர். நீர் சொன்னதுதான்," என்றார் யோகலிங்கம்.

ஜெரோசன் போனில் குறித்துக்கொண்டு, தொழில்காரன் கேட்கிற கேள்வியை நல்ல மனதோடு கேட்டான். "அப்ப எப்ப தொடங்குவம் அங்கிள்?"

யோகலிங்கம் கழுவிய துண்டுகளை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"அந்தியேட்டி முடிய வாரும் தம்பி."

அந்தியேட்டி என்பது ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. வீட்டின் துடக்குக் கழிவது அதோடுதான். லண்டனில் பிறந்த ஜெரோசனுக்கு அந்தச் சொல் தெரியாது. நவராத்திரி, கந்தசஷ்டி போல அதுவும் ஒரு விரதம் என்று எண்ணிக்கொண்டான். "ஓகே அன்ரி. அது இந்த வருசம் எந்த மாசம் வருது?" என்று கேட்டு, குறித்துக்கொள்ளப் பெருவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

சிவமலர் அவனைப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை இருமல் வரவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். "நான் போனபிறகுதான் தொடங்குவியள் எண்டு எனக்குத் தெரியும். அதுக்காக நிறத்தை உங்களிட்ட விட ஏலாது."

யோகலிங்கம் ஜெரோசனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். திகதியை நானே போன் எடுத்துச் சொல்லுறன் என்றார். அவன் குழப்பத்தோடு தலையாட்டினான். அவனுடைய வான் வண்டியில் ஒரு முழுநீள வெள்ளைப் பலகை இருந்தது. வேறு யாருக்கோ கொண்டுபோய் மிஞ்சியது. அதைத் தந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டு வாங்கி, தோளில் வைத்துத் தூக்கி வந்து, முன்தோட்ட வேலியில் சாய்த்தார். ஜன்னலிலிருந்து தெரிகிறதா என்று ஜன்னலடியில் போய் நின்று பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். புதுச் சுவரில் அவளுக்குப் பார்க்கக் கிடைக்கப்போவது அவ்வளவுதான்.

உள்ளே வந்தபோது அவருடைய வலது தோளில், பலகையின் விளிம்பிலிருந்து ஒட்டிய பொடி ஒரு கோடாக இருந்தது. அவர் கவனிக்கவில்லை. சிவமலர் கவனித்தாள்.

"நில்லுங்கோ," என்றாள். போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்து அவருடைய தோளை நோக்கி நீண்டது.

யோகலிங்கம் தோளைப் பார்த்தார். சுடுதண்ணீர் பட்டவர் போலப் பின்னால் போனார், கதவு முதுகில் இடிக்கும்வரை. நீட்டிய கை அப்படியே நின்றது. அதைத் தாங்கிப் பிடிக்க அவளுக்குப் பலம் காணாது. மெல்ல இறங்கிப் போர்வையில் விழுந்தது.

அவர் வெளியே போனார். வாசலோரம் இருந்த கைப்பம்பை எடுத்தார். குழாயைத் தன் பக்கம் திருப்பி, சட்டை உடம்போடு ஒட்டும்வரை தோளில் தெளித்துக்கொண்டார். பொடி கரைந்து வழிந்தது. துணியால் ஒற்றினார், மறுபடி தெளித்தார், மறுபடி ஒற்றினார். எதிர்வீட்டு அம்மாள் கையசைத்தாள். இவர் பார்க்கவில்லை. உள்ளே வந்து, கட்டிலோரம் முழங்காலில் நின்று, ஈரத் தோளை அவளுடைய கைக்கு எட்டுகிற அளவுக்குத் தாழ்த்திக் கொடுத்தார்.

சிவமலர் வலது தோளைத் தட்டினாள். பிறகு, வழக்கம்போல, இடது தோளையும்.