சலவைக்கூடத்தில் வாய்ப்பூட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் நுழைந்தால் மாலை வரை வாய் ஓயாது. மாமியாரின் வீராப்பு, புருஷனின் குறட்டை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று அவள் எடுத்துவிட, விரிப்பு மடிக்கிற பெண்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

நிர்வாகிக்கு அந்தப் பேச்சு புரியாது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். இனி அலுவலக மொழியில்தான் பேச வேண்டும், மீறினால் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை போகும் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். அதைப் பெண்களுக்கு விளக்கியவன் மேற்பார்வையாளன். அவன் இவர்கள் ஆள்தான். வீட்டில் இதே மொழி பேசுகிறவன்.

"நம்ம பேச்சு என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்று ரேடியோ கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? அவங்க இடம், அவங்க பாஷை. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாத்தா ஒரு தொந்தரவும் இல்ல."

"வாயை மூடிக்கிறதை மட்டும் நம்ம பாஷையிலயே செய்யலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கே முதல் எச்சரிக்கை விழுந்தது. ஆவி பட்டுக் கை சுட்டபோது "ஐயோ அம்மா" என்று கத்தியதற்கு இரண்டாவது. அதோடு ரேடியோ அணைந்தது. அலுவலக மொழியில் அவளுக்குத் தெரிந்தது ஆமாம், இல்லை, முடிந்தது, மன்னிக்கவும், புரியவில்லை, அவ்வளவுதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதைக்கூடப் பெண்கள் ஜாடையில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் நாத்தனார் வேலைக்குச் சேர்ந்தாள். இருவரையும் ஒரே உருளை இயந்திரத்தில் நிறுத்தினார்கள். ஈர விரிப்பின் இரு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சூடான உருளைகளுக்குள் விட வேண்டும். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி எப்போதோ உடைந்துவிட்டது. நிறுத்தும் பொத்தான் நாத்தனார் பக்கம்.

அன்று நாத்தனாரின் சட்டைக்கை விரிப்போடு சேர்ந்து மடிந்தது. அவள் கவனிக்கவில்லை. ரேடியோ பார்த்துவிட்டாள். 'கையை எடுடி' என்பது தொண்டை வரை வந்தது. பின்னால் மேற்பார்வையாளன் நின்றான். வந்ததை விழுங்கிவிட்டு, அனுமதிக்கப்பட்ட மொழியில் சொல் தேடினாள். கைக்கு என்ன? எடு என்பதற்கு என்ன? கடைசியில் வாயில் வந்தது "மன்னிக்கவும்" மட்டும்தான்.

நாத்தனார் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் உருளை கையை இழுத்துவிட்டது.

விசாரணையில் நிர்வாகி அலுவலக மொழியில் கேட்டார். மேற்பார்வையாளன் மொழிபெயர்த்தான். "ஆபத்தைப் பாத்தும் நீங்க ஏன் கத்தலன்னு கேக்கறாரு."

"கத்தத்தான் வந்துச்சு. உங்க எச்சரிக்கை வந்து தொண்டையை அடைச்சிடுச்சு. வேலை போயிடுமேன்னு பயந்து எங்க வீட்டுப் பொண்ணு கையை உருளைக்குக் குடுத்துட்டு நிக்கறேன். கம்பி உடைஞ்சிருக்குன்னு எத்தனை தடவை சொன்னோம்? எந்தப் பாஷையில சொல்லியிருந்தா மாட்டியிருப்பீங்க?"

அவன் அதை ஒரே வாக்கியத்தில் முடித்தான். 'மன்னிக்கவும்' அதில் இருந்தது. நிர்வாகி தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

அந்த ஒரு சொல் ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது. "இல்லை" என்றாள், அவர் மொழியில். அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய்க் காகிதத்தின் மேல் கையை ஊன்றினாள். "இல்லை. இல்லை." அவர் பேனாவைக் கீழே வைக்கும்வரை அவள் நிறுத்தவில்லை.

ஆனாலும் தொழிலாளியின் கவனக்குறைவு என்றே அறிக்கை போனது. கம்பி மாட்டினார்கள். சுவரிலிருந்த அறிவிப்பு காணாமல் போனது. அது வெறும் ஆலோசனைதான் என்றார்கள்.

நாத்தனாருக்கு இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. "நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க?" என்பாள் அவள். "என்னைத் திட்டித் தொலையேன்டி" என்று ரேடியோ பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

வேலையை அவள் விடவில்லை. தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி மறுபடியும் பேசினாள். ஆனால் இப்போது அவள் பேசியது குறட்டையைப் பற்றியல்ல. எந்த இயந்திரத்தில் எது உடைந்திருக்கிறது, யார் யாரிடம் சொன்னார்கள், யார் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதைப் பற்றி. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் எச்சரிக்கை எழுதவில்லை.

ஒரு நாள் வாசலில் மேற்பார்வையாளன் மறித்தான். "அக்கா, என் நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு வார்த்தை பேசுங்கக்கா."

"புரியவில்லை" என்று அலுவலக மொழியில் சொல்லிவிட்டு நடந்தாள். அவனிடம் தன் மொழியில் அவள் அதற்குப் பிறகு பேசவே இல்லை.