போர்முனைக்கு அம்மா அனுப்பிய பார்சல்

எங்கள் அம்மா கணியூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். திருமணமாகி அருள்புரம் வந்தார். அப்பா விபத்தில் காலமானதும் பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். குரல் உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

சமையல் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பித் தம்பி வெளிநாடு போனான். அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. புரியாத மொழியில் இருந்த தாளில் கையெழுத்து வாங்கி, ராணுவ உடுப்பை மாட்டிவிட்டார்கள்.

"குளிர் தாங்கலைம்மா. காலெல்லாம் மரத்துப்போச்சு" என்று போனில் அழுதான்.

குளிர்நாட்டு ஏற்றுமதிக்காகத் தைத்த கெட்டியான உள்பனியன்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, கம்பளிக் காலுறை, இஞ்சி மொரப்பா, முருகன் கோயில் திருநீறு எல்லாம் சேர்த்து அம்மா பார்சல் கட்டினார். அந்தப் பகுதிக்குத் தபால் போகாது என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். கூரியரில் போட்டது திரும்பி வந்தது.

"ஏனுங்க, பட்டாளத்துல இருக்கற பையனுக்குப் பெத்தவ ஒரு துணி அனுப்ப முடியாதுங்களா?" என்று கூரியர் கவுண்டரில் நின்று கேட்டார்.

அந்த நாட்டில் மருத்துவம் படிக்கும் தாராபுரத்துப் பெண் விடுமுறைக்கு வந்திருப்பதை அறிந்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தப் பெண் பார்சலை எடுத்துப்போய் அங்கிருந்து தபாலில் சேர்த்தார்.

சில வாரங்களில், தம்பியோடு இருந்த வடநாட்டுப் பையன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். அம்மாவோடு வேலை செய்யும் பீகார் அக்கா அவன் இந்தியைத் தமிழில் சொன்னார்.

"உங்க பையனைச் சண்டை நடக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். இன்னும் திரும்பலையாம். பார்சல் இவன்கிட்ட இருக்காம். பிரிக்கலையாம். என்ன செய்யறதுன்னு கேக்கறான்."

அம்மா போனைக் கிட்டே வைத்து அவனைப் பார்த்தார். பிறகு, "அவனையே போட்டுக்கச் சொல்லுங்க. எப்படி நடுங்கறான் பாருங்க. எம் பையனுக்கு நான் வேற அனுப்பிக்கறேன்" என்றார். அந்தப் பையன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அதன்பின் அவனும் அழைக்கவில்லை.

அம்மா இன்னொரு பார்சல் கட்டினார். கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அலுவலகம் அலுவலகமாக மனுவோடு அலைந்தோம். தம்பி இருக்கிறானா என்று சொல்ல யாருமில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மதியம் மெஷினிலேயே நெஞ்சுவலி வந்து சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "ஆளு கெடச்சாங்களா கண்ணு?" என்று கேட்டார். அதுவே அவர் கடைசியாகப் பேசியது.

மகளான நானே கொள்ளி வைத்தேன். அனுமதித்த பங்காளிகளுக்கும், தோள் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், தாராபுரத்துப் பெண்ணுக்கும், பீகார் அக்காவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அம்மா போனது தம்பிக்குத் தெரியாது. அம்மாவின் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர், நண்பர்களில் யாரேனும் அந்தப் பக்கம் போவதாயிருந்தால் சொல்லுங்கள். இதன் ஒரு பிரதியை அவனுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.