டெலி என்றால் தூரம்

சென்ற செவ்வாய்க்கிழமை பகலில் அரியலூரில் என் வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். நான் கையெழுத்துப் போடுவதற்குள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாருடி போயிட்டாங்க? சொல்லேன்டி!"

"எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்ம்மா. மரகதம்மாள். திருச்சியில."

அழுகை பட்டென்று நின்றது. "அந்தப் பொம்பளைக்கா இவ்வளவு கண்ணீர் வுட்டேன்?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பள்ளி மலரில் இதைப் படிக்கும் நீங்கள், மரகதம்மாளிடம் படித்தவர்களானாலும் வேலை பார்த்தவர்களானாலும், அவருடைய நாக்கை மறந்திருக்க மாட்டீர்கள். ஆங்கிலச் சொற்களை மீன் அரிவதுபோல் அரிவார். தலையைத் தனியே எடுத்து வைப்பார். அவருக்கு மிகவும் பிடித்த தலை 'டெலி'. கிரேக்க மொழியில் டெலி என்றால் தூரம். கிராம் எழுத்து, போன் ஓசை, ஸ்கோப் பார்ப்பது.

"டெலிகிராம்னா தூரத்து எழுத்து, அவ்வளவுதான். சாவுன்னு இதுல எங்கடி இருக்கு?" என்று பெண்களைக் கேட்பார். பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சராக ஓரத்தில் நிற்கும் என் பக்கம் திரும்புவார். "ஏம்மா, உங்க செட்டிகுளத்துல தந்தியப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே தலைமுழுகிடுவீங்களாமே?"

வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் முதல் பி.ஏ. நான். சிரிக்காவிட்டால் மறுபடியும் செட்டிகுளத்துக்காரி ஆகிவிடுவேனோ என்று பயம்.

யுத்த காலத்தில் ஒருநாள் அந்தப் பாடத்தை நான் நடத்த, அவர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தார். பாதியில் பியூன் ஒரு தந்தியைக் கொண்டுவந்தார். மரகதம்மாள் அதை வாங்கி, நேரே நடந்துவந்து, எல்லோர் முன்னாலும் என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான். பிரிச்சுப் பாத்துட்டு அழுறதுன்னா அழு. நாங்க காத்திருக்கோம்."

நான் பிரிக்கவில்லை. புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு, டெலஸ்கோப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். குரல் நடுங்கவில்லை. மணி அடித்ததும் அவர் என் தோளைத் தட்டினார். "இன்னைக்குத்தாம்மா நீ பி.ஏ."

வெளியே வந்து பிரித்தேன். அப்பாவுக்கு ஆபத்து, உடனே வா. எங்கள் ஊர்ப் பக்கமாகப் பெரம்பலூருக்குப் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் பாடம் நடக்கும்போதே போய்விட்டிருந்தது. அடுத்தது மறுநாள் காலையில்தான். அப்பா கடைசிவரை வாசலைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?" என்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"பாடம் முடியிற வரைக்கும் ஹெட்மிஸ்ட்ரஸ் தந்தியக் குடுக்கலம்மா" என்றேன்.

அன்றிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா முருகன் மலையடிவாரத்தில் நின்று மரகதம்மாள் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். அந்த அம்மாளோ, அப்பா இறந்தது தெரிந்த பின்னும், வருஷா வருஷம் வகுப்பில் என்னைத்தான் உதாரணம் காட்டினார்.

அவர் கையால் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதை வைத்திருக்கிறேன். தந்தியை அவர் ஒரு நிமிஷம்கூடப் பிடித்து வைக்கவில்லை என்பதையும் அவரை அறிந்தவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா எதிரில்தான் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.