தார் ரோட்டிலிருந்து வந்த கரண்ட்

பசுவந்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். வேலை முடியும்வரை அதற்குத் தற்காலிக மின்சாரம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை அது.

மேல்தளத்துக்குப் பாதி காங்கிரீட் விழுந்திருந்தபோது கரண்ட் நின்றுபோனது. முந்தின நாள் மழையில் கரிசல் மண் இளகி, எங்களுக்கு லைன் வந்த கம்பம் சாய்ந்து, கம்பி அறுந்திருந்தது. தளத்தைப் பாதியில் நிறுத்தினால் பிறகு ஒட்டுப்போட்ட இடத்தில் மழைக்கு ஒழுகும். கோவில்பட்டியிலிருந்து லாரியில் ஜெனரேட்டரை வரவழைத்தேன். தார் ரோட்டை விட்டு இறங்கியதுமே லாரியின் முன்சக்கரம் சேற்றில் புதைந்தது.

"இனி நகராதும்மா. நாளைக்குப் பாத்துக்கிடுவோமா?" என்றார் காண்ட்ராக்டர்.

"வேண்டாம் அண்ணாச்சி. பின்சக்கரம் இன்னும் ரோட்டுலதான் இருக்கு, லாரியப் பின்னால எடுத்து ரோட்டுலயே நிறுத்தச் சொல்லுங்க. கேபிள நாம இழுத்துட்டுப் போவோம்."

ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் உளுந்து விதைத்த புஞ்சை. அதன் சொந்தக்கார அம்மா வரப்பில் வந்து மறித்துக்கொண்டார்.

"இப்பத்தான் முளைச்சு இலை விட்டிருக்கு. மிதிச்சுப் போட்டீங்கன்னா நான் என்ன செய்ய?"

"ஒரு செடிகூட மிதிபடாதும்மா. வரப்பு மேலயே கொண்டு போறோம்."

அவர் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். "நம்ம பிள்ளைக படிக்கப்போற இடம்லா. போங்க. கீழ இறங்குனா வைவேன், ஆமா."

கொத்தனார், சித்தாள்கள், வேட்டியை மடித்துக் கட்டிய காண்ட்ராக்டர் என்று எல்லாருமே வரிசையாகக் கேபிளைத் தோளில் சுமந்தோம். செருப்பில் கரிசல் அப்பி, ஒவ்வொரு காலும் கல்லாய்க் கனத்தது. கேபிள் ஈரத்தில் கிடக்கக் கூடாதென்று வரப்பு நெடுகக் கவட்டைக் கம்புகளை நட்டு, அவற்றின் மேல் தூக்கி வைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் கலவை மிஷின் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

"என்னம்மா இது, பின்னால ஓடுது!" என்று பதறினார் காண்ட்ராக்டர்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது: மூன்று ஃபேஸ் வயர்களின் வரிசை மாறியிருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி, இரண்டு வயர்களை இடம் மாற்றி மாட்டினேன். மறுபடி போட்டபோது மிஷின் ஒழுங்காகச் சுற்றியது. மேலே காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் உறுமியது. சித்தாள்கள் குலவையிட்டார்கள்.

பொழுது சாயுமுன் தளம் முழுவதும் போட்டு முடிந்தது. காண்ட்ராக்டர் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். "அடுத்த சைட்டுக்கும் நீங்கதாம்மா வரணும்" என்றார்.

கையெல்லாம் கருப்பாய், முழங்கால்வரை சேறாய், டீயைக் குடிக்கக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டே நின்றேன்.