மனுவில் ஒரு கிழட்டு வார்த்தை

இன்று தர்மபுரி கோர்ட் எதிரே, டைப்பிங் கடையில்.

அதியமான்கோட்டை அக்கா ஒருவரின் வீட்டை நாளை இடிக்க வருகிறார்கள். தடை கேட்கும் மனுவை இன்றே கொடுத்தாக வேண்டும். கவுன்டர் மூடப் பத்து நிமிடம்கூட இல்லை.

என் சீனியர் வக்கீல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "ஏம்பா, 'sheweth' எங்க?"

"அது பழைய ஸ்பெல்லிங் சார். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுச்சு. 'shows'னு மாத்திட்டேன்."

"கம்ப்யூட்டரா ஆர்டர் போடப்போவுது? மனுன்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும். மாத்து!"

மாற்றினேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது. அக்கா என் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தார்.

"அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

"'எடுத்துக் காட்டுறேன்'னு அர்த்தங்க."

"காட்டுறேன்னுதானே ஆபீஸ் ஆபீஸா கூப்பிட்டேன். வூட்ட வந்து பாக்க ஒருத்தரும் வரலியே."

சிக்கிய தாளை எடுத்ததும் பிரிண்ட் வந்தது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

மூடும் நேரத்தில் மனு உள்ளே போய்விட்டது. காலையில் விசாரணைக்கு எடுப்பார்களாம். ஜேசிபி அதற்கு முன்பே வருமா, தெரியாது.

இங்கிலீஷ்காரனே எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வார்த்தை. அதற்கு மட்டும் இங்கே இடிப்பு நோட்டீஸ் வராது போல. உங்கள் ஊர்க் கோர்ட்டில் எப்படி?