தாண்டச் சொன்ன அதிகாரம்

அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் ஊரில் நடைபாதை திடீரென்று முடிந்துவிடும். தோளில் ஒரு பையும் கையில் போர்வை திணித்த கட்டைப்பையுமாகப் புல்மேல் நடந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி, நல்ல வெயில். அண்ணன் வீட்டை விட்டு வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. எங்கே போவது என்று யோசிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அக்கா தயவில் கிரீன் கார்டு கிடைத்து, பிளெய்ன்ஸ்பரோவில் மூட்டை இறக்கி, பிளசன்டனில் ஓட்டல் பாத்திரம் கழுவி, ஒத்துவராத இடத்தைவிட்டு பஸ் ஏறிப் பழகியவன்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன், ஐ.டி. வேலை. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டில் நாலைந்து குடும்பங்கள் கூடி ஜெபம் நடக்கும். வேதத்தில் வாரத்துக்கு ஓர் அதிகாரம், வரிசையாக, எதையும் விடாமல். தமிழைத் தடுக்காமல் வாசிக்க வேறு ஆளில்லாததால் அந்த வேலை எனக்கு. முடித்த அதிகாரத்துக்கு ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில் அண்ணன் மகள் டிக் போடுவாள். பதினைந்து வயது. நாம் தமிழில் கேட்டால் அவள் பதில் ஆங்கிலத்தில் வரும்.

அந்த வாரம் அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுடைய அண்ணன் குடித்துவிட்டுக் காரை எடுக்கப் பார்த்தான். டாக்டருக்குப் படிக்க அப்ளை பண்ணியிருந்த பையன். இவள் சாவியைக் கொடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து முறுக்கினான். நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். எலும்பு முறிந்த சத்தமும் கேட்டது. அண்ணன் வந்து வீடே அதிரக் கத்தினார். பிறகு அடங்கிவிட்டார். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"வெளிய தெரிஞ்சா அவன் லைஃபே போயிடும்டா," என்றார் என்னிடம். அவர் சோற்றைத் தின்கிறவன், நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்தாள். பையன் வழக்கம்போல வெளியே போய் வந்தான்.

சனிக்கிழமை வந்தது. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு ராஜாவின் கதை. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் போர்முனையில் சாகவிட்ட ராஜா. தீர்க்கதரிசி வந்து அதை முகத்துக்கு நேரே கேட்ட பன்னிரண்டாம் அதிகாரம் போன வாரம் முடிந்திருந்தது.

"இன்னைக்குப் பதினாலு," என்றார் அண்ணன்.

"டாட், யூ ஸ்கிப்ட் தர்ட்டீன்."

"அது பசங்க கேக்குற சேப்டர் இல்லம்மா."

"அதுக்கு முந்தின வாரம் கொலையே வாசிச்சோம், அதெல்லாம் கேக்கலாமாக்கும்," என்றார் நர்ஸ் வேலை பார்க்கும் ஆன்ட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவரே சின்னப் பிள்ளைகளை மாடிக்கு விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் பதின்மூன்றைத் திருப்பினேன்.

ராஜாவின் மூத்த மகன் தங்கையைக் கெடுத்துத் துரத்திவிடுகிறான். இன்னொரு அண்ணன், அவன் உனக்கு அண்ணன்தானே, பேசாமல் இரு என்று அவளிடம் சொல்லித் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறான். ராஜா கேள்விப்படுகிறார், அவருக்கு மிகுந்த கோபம் வருகிறது.

"ஸோ, வாட் டிட் ஹி டூ?" என்றாள்.

அடுத்த வசனத்தைப் பார்த்தேன். அதில் ராஜா இல்லை. அதற்கும் அடுத்ததில் இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

"ஒண்ணும் பண்ணலம்மா. கோபப்பட்டதோட சரி."

மீதியையும் வாசித்தேன். தங்கையைப் பேசாதே என்றவன் மூத்தவனை விருந்துக்கு அழைத்துக் கொல்லவைத்து, ஊரைவிட்டு ஓடிப்போகிறான். ராஜா அழுகிறார். அவள் எழுந்துபோய் இடது கையால் கோணலாக ஒரு டிக் போட்டாள்.

மற்றவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது அண்ணன் என்னைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என் வீட்டுல தின்னுட்டு எனக்கே பிரசங்கமாடா?"

"இருந்ததத்தான வாசிச்சேன்ணே."

"வாசிச்சது போதும். கெளம்பு."

அப்படித்தான் புல்மேல் நடந்தேன். பின்னாலிருந்து ஒரு கார் வந்து நின்றது. ஓட்டியது அந்த ஆன்ட்டி.

"ஏறுங்க தம்பி. இந்த ஊர்ல நடந்து போனா கார் ரிப்பேரான்னு கேப்பாங்க."

ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "படியில விழுந்தா கட்டுக்கு மேல விரல் தடம் இருக்காது. யாரு பண்ணது?"

சொன்னேன்.

"குழந்தைங்க பாதுகாப்பு ஆபீசுக்கு நான் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், இங்க சட்டம் அது. இல்லன்னா நாளைக்கும் அவன் அதே வீட்டுலதான இருப்பான். பார்த்தது நீங்க, உங்க நம்பரைத்தான் குடுப்பேன். கூப்பிட்டா பேசுவீங்களா, இல்ல பஸ் ஏறிடுவீங்களா?"

என்னைப் பற்றி அண்ணன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது.

"இருப்பேன்," என்றேன்.

"இருக்கறதுக்கு ஒரு வேலை வேணுமே," என்று அவரே யாருக்கோ போன் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கும் ஒரு சமையல்கூடத்தில் சேர்ந்தேன். உளுந்தைக் கழுவி கிரைண்டரில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட வேண்டும். கிரைண்டர் சத்தத்தில் கேட்காது என்று போனை எதிரே அரிசி மூட்டைமேல் வைத்துக்கொண்டேன். ஒன்பதரை மணிக்கு அது மினுங்கியது. தெரியாத நம்பர். கிரைண்டரை நிறுத்தினேன்.

"யோவ், பாதியில நிறுத்துனா மாவு என்னத்துக்கு ஆகும்?" என்று உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், நீங்கள் அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பாவா என்று கேட்டது. மாவுக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், நான் பார்த்தேன் என்றேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன்.